வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைப் பிரிப்போம்

வாடிய மிளகாய்ச் செடியைக் கையால் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினால், நோய் எதுவென்று சொல்வது பாதி ஊகம்தான். இழுத்த இழுப்பில் அழுகிய பக்கவேர்களும் சல்லிவேர்களும் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். கைக்கு வருவது ஆணிவேரின் தடித்த பாகம் மட்டுமே. நோயோ பெரும்பாலும் அறுந்துபோன பாகத்தில்தான் தொடங்கியிருக்கும். அதனால் ராமநாதபுரம் கடலோர ஊர்களில் பயிர்நோய் பார்க்கிறவர்களுக்கு முதலில் வேண்டிய கருவி மண்வெட்டி. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, ஓர் அடி ஆழ மண்ணோடு கட்டியாகப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் வைத்து மண் தானாகக் கரையும்வரை விட்டுவிட வேண்டும். முழுக்கச் செத்த செடி உதவாது. செத்த வேரில் ஊரிலுள்ள பூசணமெல்லாம் குடியேறியிருக்கும். கொன்றது எது, பிறகு வந்தது எது என்று பிரிக்க முடியாது. பாதி வாடிய செடி ஒன்று, அதே வரிசையில் நன்றாக நிற்கிற செடி ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

கழுவிய வேர் நிறையச் சொல்லும். ஆணிவேரையும் அடித்தண்டையும் பிளேடால் நெடுக்காகப் பிளக்கும்போது நடுக்கட்டைக்கும் பட்டைக்கும் இடையே காப்பிப்பொடி நிறத்தில் கோடு ஓடினால் ஃப்யூசேரியம் என்ற பூசணம் தரும் வாடல். அடித்தண்டில் ஒரு துண்டை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு, சில நிமிடங்களில் பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூசணக்கொல்லி எதுவும் அதற்குக் கேட்காது. மண்மட்டத்தில் வெள்ளைப் பஞ்சு இழையும் அதன்மேல் கடுகு மாதிரி உருண்டைகளும் இருந்தால் ஸ்கிளிரோசியம் கழுத்தழுகல். பட்டை நார்நாராக உரிந்து, உரிந்த இடத்தின் உள்பக்கம் கரித்தூளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேக்ரோஃபோமினா, அதாவது உலர் வேரழுகல். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் அந்தப் பூசணத்தின் ஓர் உறங்கும் வித்து. செடி மக்கினாலும் அது மக்காது. காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

உளுந்திலும் நிலக்கடலையிலும் இன்னொரு குழப்பம் வரும். வேரில் முடிச்சு தெரிந்ததும் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய புழு, என்று பயந்துவிடுகிறார்கள். நகத்தால் தள்ளினால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நல்ல பாக்டீரியாவின் முடிச்சு. அது செடிக்குச் சொத்து. வேரே வீங்கி, தள்ளினாலும் உதிராமல் வேரோடு வேராக இருப்பதுதான் நூற்புழு முடிச்சு. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல நிலத்துக்கு மருந்து ஊற்றுவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

இந்தக் கரையின் சிக்கல் என்னவென்றால், ஒரே நிலம் ஒரே பருவத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நோய்களைச் சந்திக்கிறது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடும். ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கத்துக் கரிசலில் தண்ணீர் தேங்கும்போது கன்றழுகலைத் தரும் பித்தியத்துக்குக் கொண்டாட்டம். முளைத்த முண்டு மிளகாய்க் கன்று மண்மட்டத்தில் வெந்ததுபோல் மெலிந்து சாய்ந்துவிடும். தை பிறந்து வானம் வெளுத்ததும் கதை மாறும். மண் காய்ந்து வெடித்து, சூடு 30, 35 டிகிரிக்குப் போகும்போது மேக்ரோஃபோமினா எழுந்துகொள்ளும். செடியில் காய் நிறைந்து தண்ணீர்த் தேவை உச்சத்தில் இருக்கிற நேரமும் அதுதான். கார்த்திகையில் வடிகால் வெட்டாதவரும், மாசியில் ஒரு தண்ணீர் கொடுக்க வழியில்லாதவரும் ஒரே கடையில் ஒரே மருந்தை வாங்குகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இந்த முண்டு. அதன் வேருக்கு மழைக்காலத்தில் ஒரு வாய்க்கால், வெயில் காலத்தில் மண்ணின் ஈரம் காக்க ஒரு மூடாக்கு என்ற இரண்டும் எந்தப் பாக்கெட்டையும்விடப் பெரிய வைத்தியம் என்பது எங்கள் திடமான எண்ணம்.

அடுத்தது உப்பு. உப்பேறிய மண்ணில் நுனிவேர் தண்ணீர் இழுக்க முடியாமல் கருகும். காயம்பட்ட இடத்திலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பூசண வித்துகளை முளைக்கத் தூண்டும். ஆகவே பல வயல்களில் நோய் இரண்டாவது விருந்தாளி. முதல் விருந்தாளி உப்பு. தண்ணீர் ஊறித் தெவிட்டிய மண்ணிலிருந்து எடுத்த சாற்றின் மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 1.5 டெசிசைமனைத் தாண்டும்போதே மிளகாயின் மகசூல் இறங்கத் தொடங்கும், பருத்தி 7.7 வரை தாக்குப்பிடிக்கும். மண் ஆய்வு அட்டையில் இருக்கும் எண் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்தது. தண்ணீர் கூடுவதால் அது சின்னதாகத்தான் தெரியும். அதை அப்படியே 1.5 உடன் ஒப்பிட்டு, நம் நிலத்தில் உப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்) வேறு, களர் (சோடியம் மிகுந்த மண்) வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். களருக்கு ஜிப்சம் வேண்டும். வெறும் உவருக்கு நல்ல தண்ணீரும் அது வெளியேற வடிகாலும்தான் வேண்டும்.

இப்போது பாக்கெட்டுக்கு, அதாவது வேர்நோயைத் தடுக்கக் கடையில் விற்கும் நல்ல நுண்ணுயிர்ப் பொடிக்கு வரலாம். "போட்டும் கேக்கல சார்" என்று சொல்கிற இடங்களில் பாதிக்கு மேல், நுண்ணுயிரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது போய் இறங்கிய இடம்தான் சரியில்லை. டிரைக்கோடெர்மா சற்று அமிலமான, ஈரமான, மக்கு நிறைந்த மண்ணை விரும்புகிற பூசணம். பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8, 8.5 என்று காரமாக இருக்கிற, சாணம் பார்த்துப் பல ஆண்டான மண்ணில், பகல் பன்னிரண்டு மணிக்கு வெறும் பொடியாகத் தூவினால் அது எதைத் தின்று, எங்கே ஒதுங்கும்? சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியா இந்தக் காரத்தை அதைவிடத் தாங்கும். இன்னொரு பாக்டீரியாவான பாசில்லஸ் சப்டிலிஸ் வித்து வடிவில் உறங்கக்கூடியது என்பதால் சூட்டையும் உப்பையும் இன்னும் நன்றாகச் சமாளிக்கும். அதனால் விதைக்கும் வயலுக்கும் இவை இரண்டையும், எருக்குவியலுக்கு டிரைக்கோடெர்மாவையும் பெரும்பாலும் சொல்வது எங்கள் வழக்கம்.

குவியல் போடும் முறை எளிது, பொறுமைதான் தேவை. நன்றாக மக்கிய தொழுஉரம் 100 கிலோ, தூளாக்கிய வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ. மர நிழலில் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் கலந்து குவித்து, நனைத்த சாக்கால் மூடவேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் உள்ளே காற்று போகாமல் புளித்துவிடும். உதிர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு, காய்ந்தால் தெளிக்க வேண்டும். முதலில் வெள்ளை இழை, பிறகு பாசிப்பச்சை. சில சமயம் மூடியைத் தூக்கியதும் தேங்காய் வாசம் லேசாக வரும். அது அந்தப் பூசணத்தின் வாசமேதான். பதினைந்து நாளில் தயார். பச்சைச் சாணத்தில் கலந்தால் குவியல் சூடேறி, அம்மோனியா கிளம்பி, போட்ட உயிர் இரண்டு நாளில் செத்துப்போகும். இங்கே அதிகம் நடக்கிற தவறு இதுதான்.

விதைக்கு என்றால் ஒரு கிலோவுக்குச் சூடோமோனாஸ் 10 கிராம், அல்லது டிரைக்கோடெர்மா 4 கிராம். ஒட்டுவதற்கு ஆறின, உப்புப் போடாத அரிசிக் கஞ்சி. நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வயலுக்கு ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது சாயங்காலம் தூவி, உடனே மண்ணால் மூடவேண்டும். பூசணக்கொல்லியான கார்பன்டாசிம் டிரைக்கோடெர்மாவைக் கொல்லும். பாக்டீரியாவான சூடோமோனாஸை அவ்வளவாகத் தொடாது. செம்பு மருந்தும், பாக்டீரியாக்கொல்லியான ஸ்ட்ரெப்டோமைசினும் சூடோமோனாஸுக்கு ஆகாது. ஆகவே ஒரே டேங்கில் எல்லாவற்றையும் கலக்கக் கூடாது. ரசாயனத்துக்கும் உயிருக்கும் நடுவில் பதினைந்து நாள் இடைவெளி வேண்டும். பாக்கெட்டின் உற்பத்தித் தேதியைப் பார்க்காமல் வாங்கவும் வேண்டாம். டால்க் பொடியில் உள்ள உயிர் நான்கு முதல் ஆறு மாதம்தான் தாங்கும், அதுவும் தகரக் கொட்டகையின் சூட்டில் இல்லாமல் இருந்தால்.

நுண்ணுயிருக்குச் சாப்பாடு போடுவதில் இந்த மாவட்டத்துக்குப் பழைய கை உண்டு. விதைப்புக்கு முன் ஆட்டுக்கிடை மறிப்பது, அதாவது ஆட்டு மந்தையை வயலில் அடைத்து வைப்பது, அதில் முதன்மை. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறுவருசம் என்று சொல்வது வெறும் பேச்சல்ல. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் சிதைந்து அந்தப் பருவத்திலேயே வேரடிக்கு வந்துவிடும். கிடை எழுந்ததும் உழுதுவிட வேண்டும். வெயிலில் விட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். மணற்பாங்கான உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துக்குக் கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) அடிப்பதும் அப்படித்தான்: களியும் மக்கும் சேர்ந்தால்தான் மணலில் ஈரம் நிற்கும். கரிமூட்டச் சாம்பலை மட்டும் இந்தக் காரமண்ணில் கொட்ட வேண்டாம், பி.எச். இன்னும் ஏறும். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை எருவாக்க நினைப்பவர்கள் நல்ல தண்ணீரில் இரண்டு முறையாவது அலசாமல் வயலுக்கு ஏற்றக் கூடாது.

மணலில் பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். தங்கச்சிமடத்துப் பக்கம் பதியன் போடும் மல்லிகை நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிறது. வேரோடு ஒட்டிய மணலில் நூற்புழு இருந்தால் அதுவும் கூடவே போகும். ஆகவே பாத்தியைச் சுத்தமாக வைப்பது இன்னொரு மாவட்டத்து நிலத்தையும் காப்பதாகும். சித்திரை, வைகாசியில் பாத்தியை நனைத்து, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளை ஓரங்களில் மண் போட்டு அடைத்து நான்கு முதல் ஆறு வாரம் விடலாம். கறுப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும். மண்ணுக்குச் சூடு போதாது. தாளை எடுத்த பாத்தி காலி வீடு மாதிரி. முதலில் குடியேறுவது நல்ல உயிராக இருக்க, அன்றைக்கே குவியல் எருவைப் போட்டுவிட வேண்டும். வாங்குகிறவரும் கட்டில் இரண்டு நாற்றின் வேரைக் கழுவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

பயிர் மாற்றத்தைப் பற்றி ஒன்று. மிளகாய், பருத்தி, எள், உளுந்து, சோளம் என்று மாற்றுவது மேக்ரோஃபோமினாவுக்கு மாற்றமே அல்ல. எல்லாமே அதற்கு விருந்து. கண்மாய்ப் பாசனம் உள்ள இடத்தில் ஒரு போகம் நெல் வைத்தால் தேங்கிய ஈரத்தில் அந்த உறங்கும் வித்துகள் வாரக்கணக்கில் அழுகிக் குறையும். அந்த வசதி இல்லாதவர்கள் செய்யக்கூடியது, கடைசிப் பழம் எடுத்ததும் மிளகாய்த் தூரை வயலில் விடாமல் இருப்பது. காய்ந்த கரிசலில் இழுத்தால் தண்டு ஒடிந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். கோடை மழை ஒன்று விழுந்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது தூரோடு எடுத்து, கரையில் குவிக்காமல் அடுப்புக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.