துளையுள்ள செம்பு வட்டில்: நாழிகை வட்டில்தான் என்று உறுதியானது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய துளையுள்ள செம்பு வட்டில், இன்று காலை 24 நிமிடம் 10 விநாடியில் நீரில் மூழ்கியது. நாழிகை வட்டில் என்பது, நீரில் மிதக்கவிட்டால் அடித்துளை வழியே மெல்ல நிறைந்து, ஒரு நாழிகையில் மூழ்கிக் காலம் காட்டும் கலம். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. பயன் தெரியாத பொருள்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் அலமாரித் தட்டிலிருந்து இதை எடுத்து, பெயர்ச்சீட்டு கட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டேன். இவ்வளவு தெளிவாக விடை சொன்ன பொருள் என் சேகரிப்பில் இதற்கு முன் இருந்ததில்லை.

வட்டிலின் வாய் அகலம் 12.5 செ.மீ., ஆழம் 6 செ.மீ., எடை 190 கிராம். அடிப்பகுதி உருண்டையானது, தரையில் வைத்தால் ஆடும். அடிவளையமோ, காதோ, மூக்கோ கிடையாது. அடியின் நடுவில் ஒரே ஒரு சிறு துளை இருக்கிறது. சிவலிங்கத்தின் மேல் நீர் சொட்டுவதற்காகக் கட்டும் தாரா பாத்திரம் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். தாரா பாத்திரம் தொங்க வேண்டிய பொருள். சங்கிலி மாட்டக் காதாவது, விளிம்பில் துளைகளாவது இருந்தாக வேண்டும். இதில் அவற்றின் தடம்கூட இல்லை. ஆணி கழன்று விழுந்த ஓட்டையாக இருக்கலாம் என்று ஒரு நண்பர் கருதினார். அப்படியானால் ஆணித்தலை அழுந்திய வட்டத் தேய்மானம் துளையைச் சுற்றித் தெரியும். கைப்பேசியில் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸ் வழியே பார்த்தபோது அது தெரியவில்லை. இரு பக்கமும் பிசிறு நீக்கி வழவழப்பாக்கிய விளிம்பு மட்டுமே தெரிந்தது. வேண்டுமென்றே, பொறுமையாக இடப்பட்ட துளை அது.

இத்தகைய பொருளில் துளைதான் எல்லாம். வட்டிலின் உடல் நசுங்கியிருந்தால் நிமிர்த்திவிடலாம். துளை ஒரு மயிரிழை அகன்றால் அது அளந்த காலமே மாறிவிடும், அதன்பின் அதை எந்தச் சோதனைக்கும் உட்படுத்த முடியாது. என் கைக்கு வந்தபோது இதன் துளையின் உட்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்தும், வெளிப்பக்கம் பச்சைக் களிம்பு ஏறியும் இருந்தது. எஃகு ஊசியால் குத்தக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். செம்பு மென்மையான உலோகம். எஃகு முனை ஒரு முறை திரும்பினாலே விளிம்பைச் சுரண்டிவிடும். ஆகவே சொட்டுக் குழாயால் ஒரு துளி வினிகரைத் துளையின் மேல் மட்டும் விட்டு, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பஞ்சால் ஒற்றியெடுத்து, காய்ந்த தென்னை ஈர்க்கின் முனையைக் கூராகச் சீவி, இளகியதை மட்டும் தள்ளினேன். மறுபடியும் ஒரு துளி, மறுபடியும் ஈர்க்கு. புளி போட்டுத் துலக்கினால் ஒரு நொடியில் பளபளக்கும். ஆனால் உள்சுவரில் இருந்த மெல்லிய கீறல் அதோடு போயிருக்கும். அந்தக் கீறல் எவ்வளவு முக்கியமானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

துளையை அளப்பதற்கும் ஈர்க்குதான் உதவியது. கூராகச் சீவிய ஈர்க்கை அழுத்தாமல் உள்ளே விட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் பேனாவால் கோடிட்டு, வெளியே எடுத்து, கோட்டின் இடத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் துளையின் அகலம் கிடைத்துவிடும். ஈர்க்கு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் ஊறிப் பருத்து அளவு கூடும். கிடைத்த அளவு 0.8 மி.மீ.

நீர்ச்சோதனையில் முதலில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. துளை திறந்திருந்தும் நீர் உள்ளே ஏறவில்லை. துளையின் வாயில் ஒரு முத்தாகத் திரண்டு அப்படியே நின்றது. இவ்வளவு சிறிய துளையில், உலர்ந்த உலோகத்தின் மேல், நீரின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ மூன்றரை செ.மீ. உயர நீரின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்திவிடும். வெறும் வட்டில் மிதக்கும்போது அதன் அடி நீர்மட்டத்துக்குக் கீழே கிட்டத்தட்ட அதே மூன்றரை செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் நீர் தயங்கி நிற்கிறது. வட்டிலின் உட்புறத்தை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு மிதக்கவிட்டால் முத்து உடைந்து, நீர் உடனே ஏறத் தொடங்குகிறது. இந்த வகை வட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் ஏறவில்லை என்பதற்காக வேறு பொருள் என்று முடிவு கட்டியவர்கள் இருந்தால், அருள்கூர்ந்து உட்புறத்தை நனைத்துவிட்டு இன்னொரு முறை மிதக்கவிட்டுப் பாருங்கள்.

அகன்ற எவர்சில்வர் அண்டாவில் கேன் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வட்டிலை மிதக்கவிட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்ததற்குக் காரணம், அதன் உப்பு மறுபடியும் துளையில் படியும் என்பதே. வட்டில் விளிம்புவரை நிறைந்த பிறகே மூழ்கும் என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் உள்ளே நீர் விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே இருக்கும்போதே, வெளிநீர் விளிம்பைத் தொட்டு, ஒரே மடக்கில் உள்ளே பாய்ந்து, வட்டில் அண்டாவின் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஓசை அடுத்த அறைக்குக் கேட்கிறது. காலம் காட்டும் கருவிக்கு இதைவிட நல்ல அறிவிப்பு வேண்டியதில்லை.

இனி அந்தக் கீறல். உள்சுவரில், ஆழத்தின் நடுவுக்குச் சற்று மேலே, கிடையாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. 12 நிமிடம் ஆனபோது உள்நீரின் மட்டம் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரை நாழிகைக் குறி! மூழ்கிய நேரம் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம் என்று வாதிடுபவர்களுக்கு இதற்கு மேல் நான் சான்று காட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டி நீரின் வெம்மையளவுக்கு அண்டா நீரைச் சூடாக்கிப் பார்த்தபோது, வட்டில் ஏறத்தாழ அரை நிமிடம் முன்னதாகவே மூழ்கியது. 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது நீரின் பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது; துளை சிறிதாக இருப்பதால் அது நேரத்தில் தெரிகிறது. மார்கழி விடியலில் கிணற்று நீரில் ஓர் அளவு எடுத்த பிறகே இந்தப் பதிவேட்டை மூட உத்தேசம்.

பழைய வானியல் நூல்கள் 12 அங்குல (இங்கே அங்குலம் என்பது விரலகல அளவு) வாயும் 6 அங்குல உயரமும் உள்ள செம்புக் கலத்தையும், அதில் துளையிடத் தங்க ஊசியின் எடையையும் நீளத்தையும்கூட விதிக்கின்றன. என் வட்டில் அந்த அளவில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் வாயும் உயரமும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. 1150இல் சித்தாந்த சிரோமணியை எழுதிய பாஸ்கரர் ஊசிக் கணக்கை எல்லாம் விட்டுவிட்டு, துளையிட்ட கலம் ஒரு பகலும் இரவும் சேர்ந்த பொழுதில் எத்தனை முறை மூழ்குகிறது என்று பார்த்து, 60 நாழிகையை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளச் சொல்கிறார். கைவினைஞரின் நோக்கில் இதுவே நேர்மையான வழி. ஈரானில் கனாத் எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களின் நீரை வயல்களுக்குப் பங்கிடவும் இதே போன்ற துளைக் கிண்ணங்கள் பயன்பட்டன. சங்க காலப் பாசறையில் குறுநீர்க் கன்னல் என்னும் நாழிகை வட்டில் கொண்டு பொழுதளந்த செய்தி முல்லைப்பாட்டில் உண்டு என்பதை வாசகர்கள் நினைவூட்டுவார்கள். அது மகிழ்ச்சி தருவதுதான், ஆனால் குறிப்பிட்ட ஒரு வட்டிலுக்கு அடையாளம் சொல்வது அதன் துளையே.

வேறோர் ஊரில், இதைப் போன்றே உருண்டை அடியுள்ள செம்புக் கிண்ணம் ஒன்றை, துளையில் ஈயம் வைத்து அடைத்துப் பாயசக் கிண்ணம் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். ஈயத்தை உருக்கி எடுத்தாலும் பழைய விளிம்பு திரும்பி வராது. பழம்பொருள் விற்பவர்கள் தயவுசெய்து எந்த ஓட்டையையும் அடைக்காமல், எதையும் துலக்காமல் விற்க வேண்டும். துலக்காத பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

பாஸ்கரர் முறையில் சொந்தமாக ஒரு வட்டில் செய்ய கும்பகோணத்தில் கன்னார் ஒருவரிடம் மெல்லிய செம்புக் கிண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மின்சுற்றுப் பலகையில் துளையிடும் 0.7 மி.மீ. துரப்பண முனைகளைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளலாம். சிறிதாகத் துளையிட்டுவிட்டு, நேரம் பார்த்துப் பார்த்து அகலப்படுத்துவதுதான் திட்டம்.

கிண்ணம் வருவதற்குள் அலமாரியில் அடுத்ததாக இருக்கும் பொருளைத் தொட்டுவிட்டேன். ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த, இரண்டடி நீளமுள்ள கருமரக் கோல். உடலில் வரிசையாகப் பித்தளை ஆணிகள். ஆணிகளின் இடைவெளி மெலிந்த முனையை நெருங்க நெருங்கக் குறைகிறது. எடைக்கற்கள் இல்லாமல், தூக்கும் கயிற்றை நகர்த்தியே நிறுக்கும் தூக்குக்கோலாக இருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும்: கோலின் எடைக்குச் சமமான பண்டத்துக்கு, மெலிந்த முனைக்கும் கோலின் எடை மையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதியிலும், இருமடங்குப் பண்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கிலும், மும்மடங்குக்கு நான்கில் ஒரு பங்கிலும் ஆணி விழும். பண்டம் தொங்கிய கொக்கி தொலைந்துவிட்டதால், அது மாட்டியிருந்த துளையின் நடுவிலிருந்து அளக்க வேண்டியிருக்கிறது. கோலின் எடை 640 கிராம் என்று மட்டும் இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.