உழவாரன்: நிலவறையில் பறக்கும் தோழன், இதுவரை

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, கற்பனை நிலவறைக்குள் சாகசம் போகும் எங்கள் மேசை விளையாட்டுக்கு, சுயமாகச் சிந்திக்கும் ஒரு டிரோனைத் துணைப் பாத்திரமாகச் சேர்க்கும் வேலை ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் என் வீட்டில், சனிக்கிழமை இரவுகளில் அண்ணன் பிள்ளைகளோடு ஆடுகிறோம். சண்டையும் கூச்சலும் கிரியோலில் நடக்கும். உழவாரன் என்ற அந்த டிரோன் மட்டும் தமிழில் பேசும், குரல் என்னுடையது.

நிலவறை விளையாட்டுக்கு உயிரே அடுத்த அறையில் என்ன இருக்கிறதோ என்ற பயம்தான். 1974இல் இந்த வகைக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு வெளிவந்த காலத்திலிருந்தே அப்படித்தான். பறக்கும் கண் ஒன்று முன்னால் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். ஆகவே உழவாரனுக்கு என்ன தெரியாது என்பதைத்தான் முதலில் வகுத்தேன்.

உண்மையான டிரோன்களுக்கு நிலத்தடியில் ஜிபிஎஸ் கிடைக்காது. பாறை வளைவைத் தாண்டினால் ரேடியோவும் அறுந்துவிடும். 2021இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பா நடத்திய நிலத்தடி ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றில் செர்பெரஸ் அணி வென்றது. அந்தப் போட்டியில் எந்திரங்கள் போகிற வழியெல்லாம் சிறு ரேடியோப் பெட்டிகளைப் போட்டுக்கொண்டே போயின. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். உழவாரனிடம் நான்கு மணிக்கற்கள் உண்டு. ஒரு கல்லைப் போட்டால் ஒரு வளைவு தாண்டிக் குரல் கேட்கும். நான்கும் தீர்ந்தால் மௌனம்தான். அதற்கு அப்பால் அது என்ன செய்யும் என்பது அதன் முடிவு.

கண்ணுக்கான விதி எங்கள் தீவிலிருந்தே கிடைத்தது. லாவா வடிந்தபின் எஞ்சிய குகைகளில் கூடு கட்டும் சிறு உழவாரக் குருவி மொரிஷியஸிலும் ரீயூனியனிலும் மட்டுமே வாழ்கிறது. இருட்டில் 'டக் டக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியைக் கொண்டு வழி பிடிக்கும். வௌவால்களின் மீயொலி நமக்குக் கேட்காது, இதன் ஒலி மனிதக் காதுக்கே கேட்கும். என் டிரோனுக்கும் இதே விதி: பார்க்க வேண்டுமென்றால் சத்தம் போட்டாக வேண்டும். ஒவ்வொரு 'டக்'குக்கும் இருபது முகப் பகடையை உருட்டுவேன். 15க்கு மேல் விழுந்தால் அறையில் உறங்குவது எதுவோ அது விழித்துக்கொள்ளும். இந்த ஒரு விதி வந்த பிறகு பிள்ளைகள் வாய்மூடி உட்கார ஆரம்பித்தார்கள்.

மனம் உள்ள துணை என்றால் அதற்கென்று ஒரு பிடிவாதம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உழவாரன் கூடுகளைக் கலைக்காது, யார் சொன்னாலும் சரி. போன ஆட்டத்தில் பாறைப்பல்லியின் முட்டைகளுக்கு அடியில்தான் சாவி இருந்தது. "உழவாரா, எடுத்துட்டு வா," என்றாள் அண்ணன் மகள். "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தாய்ப்பல்லி வருவது கேட்கட்டும் என்று கடைசி மணிக்கல்லை முட்டைகளின் பக்கத்தில் போட்டது. அவள் கோபப்பட்டாள். பிறகு வாளை உறையில் போட்டுவிட்டுத் தானே தவழ்ந்து போய், ஒரு முட்டையும் உருளாமல் சாவியை எடுத்தாள். எனக்கு அன்றைய இரவின் மிகச் சிறந்த நேரம் அதுதான்.

இனி காற்று விதி எழுத வேண்டும். கூரை இடிந்து வானம் தெரியும் குகைப் பகுதிகளில் எதிரொலி வெளியே போய்விடும் என்பதால், அங்கே உழவாரனுக்குப் பாதிப் பார்வைதான் தரப்போகிறேன்.