வசனத்தை எப்போது எடுப்பது?

கிறிஸ்தவ கவுன்சலிங் மையத்துக்கு வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே எல்லாம் செய்து பார்த்திருப்பார்கள். போதகரிடம் சொல்லியாயிற்று, பெண்கள் ஐக்கியத்தில் ஜெபித்தாயிற்று, உபவாசமும் இருந்தாயிற்று. கவலைப்படாதிருங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது அவர்களுக்கு மனப்பாடம். அப்படியும் கவலை தீராததால், விசுவாசி இப்படிக் கவலைப்படலாமா என்ற குற்றவுணர்வும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருக்கும். சிகிச்சையாளரும் முதல் பத்து நிமிடத்தில் அதே வசனத்தை எடுத்தால், வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். மறுபடி வரமாட்டார்.

அதனால் இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது, வசனம் நாக்கு நுனியில் நிற்கும்போதும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது. 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம், பிறகு சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். ஓரேபில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்கப்புறம்தான். முதல் சந்திப்பில் தூக்கம், சாப்பாடு, உடல்நோய், குடி, மாத்திரை இவற்றைக் கேட்காமல் ஆவிக்குரிய வாழ்க்கையை விசாரிக்கத் தொடங்குவது வரிசை தப்பிய வேலை. தைராய்டு குறைபாடும் சோர்வைத் தரும், இரத்தசோகையும் தரும். ஜெபக்குறைவு என்று பெயர் வைப்பதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்க நான்கு கேள்விகள் போதும். உங்கள் நம்பிக்கை என்ன, இந்தக் கஷ்டத்தில் அது உங்களுக்கு என்ன செய்கிறது, சபையில் யார் துணையாக இருக்கிறார்கள், இந்த அறையில் ஜெபமும் வேதமும் வேண்டுமா. நான்காவது கேள்வியை முதல் நாளே கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்பவருக்கும், வேறு மதத்தவருக்கும், சபையால் காயப்பட்டவருக்கும் அதே சிகிச்சை, அதே ஐம்பது நிமிடம். வேண்டும் என்றால் யார் ஜெபிப்பது என்றும் கேட்டுவிடுங்கள். முடிவில் சிகிச்சையாளர் செய்யும் ஜெபம் சில நேரம் புத்திமதியாக மாறிவிடும். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியதை ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுவோம். அதைவிட வந்தவரே இரண்டு வரி ஜெபிப்பது நல்லது.

அடுத்து ரகசியம். நம் சபைகளில் அது கசிகிற வழி ஜெபக்குறிப்பு. "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள், கணவர் குடிக்கிறார், இரண்டு பிள்ளைகள், பேர் வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ஐம்பது குடும்பம் உள்ள சபையில் அது யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெயரில்லாமலும் போடக்கூடாது. சிகிச்சையாளரின் மனைவிக்கோ கணவருக்கோகூடச் சொல்லக்கூடாது. போதகர் அனுப்பிய ஆளாக இருந்தாலும், வந்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் போதகருக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது. உங்கள் சபை ஆளே வந்தால் வேறு சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வரிசையில் உட்காருபவரிடம் யாரும் முழுவதையும் சொல்வதில்லை.

ரகசியம் எங்கே முடிகிறது என்பதையும் முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் முடிகிறது. பிள்ளைக்குப் பாலியல் வன்கொடுமை என்று தெரிந்தாலும் முடிகிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது; தெரிவிக்காதது 21-ம் பிரிவில் குற்றம். சபைக் கமிட்டி கூடிப் பேசி முடித்துக்கொள்வதற்கு இதில் இடமே இல்லை.

இனி, இந்த மையங்களில் அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று: பாவபயமாக வேடம் போட்டு வரும் ஓ.சி.டி., அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். திருவிருந்து எடுக்கும்போது மனதில் ஒரு தூஷண வார்த்தை ஓடுகிறது. உடனே "ஆண்டவரே மன்னியும்". சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகத்தில் மறுபடி அதே ஜெபம். நடுவில் நினைவு சிதறினால் முதலிலிருந்து. ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்கிற மத்தேயு 12:31-ஐப் படித்தபின், நான் பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பேசிவிட்டேனோ என்று போதகருக்கு இரவு பதினோரு மணிக்குப் போன். போதகர் அன்போடு சொல்வார்: "பயப்படுகிறாய் என்றாலே நீ அந்தப் பாவத்தைச் செய்யவில்லை." நல்ல பதில்தான். ஆறுதல் ஒரு மணி நேரம் நிற்கும், பிறகு மறுபடி போன். ஒவ்வொரு ஆறுதலும் அந்தச் சுழலுக்குத் தீனி. மனந்திரும்பிய பாவத்துக்கு ஒரு அறிக்கை போதும். இதற்கு நூறும் போதாது. அடையாளம் அதுதான்.

சிகிச்சை, பயத்தை எதிர்கொண்டு, அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் ஜெபச் சடங்கை நிறுத்துவது. பயப்படும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஏணியாக எழுதிக்கொள்கிறோம். கீழ்ப்படியில், "நான் மன்னிக்கப்படாதவனாக இருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியாது" என்று தாளில் எழுதி, பயம் வந்தாலும் பாவமன்னிப்பு ஜெபத்துக்கு ஓடாமல் அரை மணி நேரம் வாசிப்பது. அடுத்து, மத்தேயு 12-ஐ வாய்விட்டுப் படித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போவது. மேல்படியில், பல மாதமாகத் தவிர்த்த திருவிருந்துக்குப் போவது. காலை ஜெபம் ஒரே முறை, பத்து நிமிடம். நினைவு சிதறினாலும் திரும்பத் தொடங்கக்கூடாது. கடவுளைத் தூஷித்துப் பார் என்று எவரும் கேட்கக்கூடாது. அவருடைய விசுவாசம் எதைப் பாவம் என்கிறதோ அது ஏணியில் வராது. போதகரையும் சம்மதத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்: உபதேசக் கேள்விக்கு ஒருமுறை பதில், அதன்பின் "இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன்" மட்டும். போதகர் இளகிவிட்டால் ஆறு வார வேலை ஒரே வாரத்தில் கரைந்துபோகும். மாத்திரையும் தேவைப்பட்டால், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

அடிவாங்கும் மனைவியையும் அடிக்கும் கணவரையும் சேர்த்து உட்காரவைத்து மன்னிப்பைப் பேசக்கூடாது. அவள் அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தனியாகப் பேசுங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுங்கள். தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, வெறுக்கிறேன் என்ற மல்கியா வசனத்தை அவளுக்கு எதிராக எடுப்பவர்கள் அதே வசனத்தின் அடுத்த பகுதியையும் படிக்கட்டும். அங்கே கண்டிக்கப்படுவது கொடுமை.

சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அது பாவம், நரகம் என்று ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார், எண்ணம் உள்ளேயே இருக்கும். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, யார் எடுத்துப் பூட்டிவைப்பார் என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். இரவில் அழைக்க அரசின் மனநல உதவி எண் டெலிமனாஸ் 14416.

கடைசியாக உபவாசம். இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூட இல்லாமல் மூன்று நாள் இருந்தால் உடலில் நீர் வற்றி, இரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனை. இரவு முழுக்க ஜெபம் என்று தூக்கத்தை விடுவதும் இருதுருவ நோய் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) உள்ளவருக்குப் பித்தநிலையை, அந்த அளவுமீறிய உற்சாகத்தைக் கிளப்பிவிடும். அப்போது நிற்காமல் பேசுவதையும் தூங்காததையும் அபிஷேகம் என்று சபை கொண்டாடியிருக்கும். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போவதைத் தடுக்க வேண்டாம். போவதற்கு முன், மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்துவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள், மனநல மருத்துவரின் அடுத்த தேதியையும் குறித்துக் கொடுங்கள்.