ஆல்புமின் அப்புறம்

"ஆல்புமின்லயும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமா அக்கா?"

"அது அப்புறம். முதல்ல பிணைப்பு மாறிலியை முடி."

கேட்டவள் ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்தவள். ஆல்புமின் என்பது ரத்தத்தில் ஏராளமாக இருக்கும் புரதம்; பிணைப்பு மாறிலி என்பது மூலக்கூறு தன் இலக்கை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற அளவு. இரண்டு வருடம் ஆகிறது. அந்த "அப்புறம்" இன்னும் உறுத்துகிறது.

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் இலக்கு கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி; அதில் ஒட்டினால் ஒளிரும் மூலக்கூறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மூலக்கூறின் தலையில் சல்போனமைடு என்ற வேதித்தொகுதி. அது நொதியின் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். வாலில் டான்சில் சாயம். தண்ணீரில் மங்கிக் கிடக்கும், தண்ணீர் அண்டாத குழிக்குள் புகுந்தால் ஒளிரும். சுத்தமான நொதியில் பளிச்சென்று ஒளிர்ந்தது. அதே துத்தநாகத்தைப் பிடிக்கும் மருந்தான அசிட்டசோலமைடு சேர்த்ததும் ஒளி இறங்கியது. அப்படியென்றால் உட்கார்ந்த இடம் சரி.

ஆனால் டான்சில் அமைடு ஆல்புமினுக்குள்ளும் போய் உட்காரும் என்பது 1970-களிலேயே எழுதப்பட்ட விஷயம். எனக்குத் தெரியாததல்ல. ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தில் ஆல்புமின் ஏறக்குறைய 600 மைக்ரோமோலார்; நாங்கள் போட்டது 1. பிடி தளர்வாக இருந்தாலும் எண்ணிக்கையே ஜெயித்துவிடும். குழியைக் கண்டால் ஒளிரு என்று வாலைச் செய்தவர்கள் நாங்கள். எந்தக் குழி என்று அதற்கு எப்படித் தெரியும்?

தலையையும் வாலையும் இணைக்கும் சங்கிலியை நீட்டியும் குறுக்கியும் நான்கு மாதத்தில் ஒன்பது மூலக்கூறு செய்தாள். பிறகுதான் சீரம். இருட்டறையில், புற ஊதா விளக்கின் கீழ் இரண்டு குழாய்களைச் சேர்த்துப் பிடித்தாள். ஒன்றில் அசிட்டசோலமைடு உண்டு, மற்றதில் இல்லை. இரண்டிலும் ஒரே நீலப்பச்சை. ஒளி வந்தது நொதியிலிருந்து அல்ல, ஆல்புமினிலிருந்து. அவள் ஒன்றும் பேசவில்லை. "நான் அப்பவே கேட்டேனே" என்று சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது.

முதல் நாளே ஆல்புமினில் போட்டால் இந்த வகைச் சாயத்தில் பலவும் தோற்கும், நல்ல தலையும் சேர்ந்து குப்பைக்குப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மையும்கூட. ஆனால் அன்றே பார்த்திருந்தால், மாற்ற வேண்டியது சங்கிலியை அல்ல, வாலை என்று தெரிந்திருக்கும். பார்ப்பது அரை மணி நேர வேலை.

இப்போதெல்லாம் ஆல்புமின்தான் முதலில். போன மாதம் ஒரு புதுப் பையனின் மூலக்கூறு முதல் நாளே அதில் ஒளிர்ந்தது. விட்டுவிடச் சொன்னேன். "வாலை மட்டும் மாத்திப் பார்க்கட்டுமாக்கா?" என்றான். வேண்டாம் என்றேன்.

உறைபெட்டியில் அவளுடைய ஒன்பது குப்பிகளும் அலுமினியத் தாள் சுற்றியபடி இன்னும் இருக்கின்றன. அவனுடையதையும் அதே டப்பாவில் வைத்தேன்.