ஒரே டிபார்ட்மென்ட், அஞ்சு கிளப், ஒரே செமினார் ஹால்

ஸ்டூடன்ட் ஆக்டிவிட்டீஸ் கோஆர்டினேட்டர்னு ஒரு பொறுப்பு எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருக்கும், யாரும் கேட்டு வாங்கறதில்ல, ஸ்டாஃப் மீட்டிங்ல அன்னைக்கு யாரு வாய மூடிட்டு உக்காந்திருக்காங்களோ அவங்க தலைல வந்து விழும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல அப்போ அஞ்சு கிளப். டிபார்ட்மென்ட் அசோசியேஷன், ஒரு இன்டர்நேஷனல் சொசைட்டியோட ஸ்டூடன்ட் சேப்டர், கோடிங் கிளப், ரோபாட்டிக்ஸ் டீம், அப்புறம் பொண்ணுங்க சேர்ந்து ஆரம்பிச்ச ஒரு டெக் குரூப். அஞ்சுக்கும் தலைவர், செகரட்டரி, ட்ரெஷரர், லோகோ, டீ ஷர்ட் எல்லாம் தனித்தனி. ஆனா வேலை செய்யற பசங்க யாருன்னு பாத்தா அதே முகங்கதான் திரும்பத் திரும்ப வரும், ஒரு பொண்ணு மூணு கிளப்ல மெம்பர், மூணுலயும் போஸ்டர் டிசைன் அவதான்.

வெளில இருந்து பாக்கறவங்க இவங்களுக்குள்ள ஏதோ கொள்கைப் பிரச்சனைன்னு நினைச்சுப்பாங்க. ஒண்ணும் கிடையாது. சண்டை எல்லாம் மூணே விஷயத்துக்குத்தான்: செமினார் ஹால் எந்த தேதில யாருக்கு, போஸ்டர்ல யார் லோகோ முதல்ல, ஃபர்ஸ்ட் இயர் பசங்கள முதல்ல யாரு இழுக்கறது. செமஸ்டர் தொடக்கத்துல ஒரே வாரத்துல மூணு கிளப் பைத்தான் வொர்க்‌ஷாப் போடும், மூணுலயும் பாதி நாற்காலி காலியா இருக்கும், அப்புறம் "மேம், அவங்க வேணும்னே எங்க தேதில வெச்சாங்க"ன்னு ஒரு குரூப் என் ரூம் வாசல்ல வந்து நிக்கும், அவங்க போனதும் அடுத்த குரூப் அதே புகாரோட வரும். வேணும்னே எல்லாம் யாரும் வைக்கல, ஒருத்தர் பிளான் இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்ளோதான்.

இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஒற்றுமைக்காக கெட் டுகெதர் வெச்சாங்க. எல்லா கிளப்பும் ஒண்ணா உக்காந்து பேசுங்க, விளையாடுங்கன்னு. வந்தவங்க அவங்கவங்க டீ ஷர்ட்டோட அவங்கவங்க மூலைல உக்காந்துட்டு கிளம்பிட்டாங்க. இது ஏன் எடுபடாதுன்னு சமூக உளவியல் படிச்சவங்களுக்கு நல்லாவே தெரியும். 1954-ல அமெரிக்காவோட ஓக்லஹோமால ராபர்ஸ் கேவ்ங்கற இடத்துல முசாஃபர் ஷெரிஃப்ங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் 22 பசங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு கேம்ப் நடத்தினாங்க, ஒரு குரூப் ஈகிள்ஸ், இன்னொண்ணு ராட்லர்ஸ். போட்டி வெச்சதும் கொடிய எரிக்கறது, கேபினுக்குள்ள புகுந்து கலைக்கறதுன்னு போயிடுச்சு. சரி ஒண்ணா உக்கார வெச்சா சரியாயிடும்னு பாத்தா சாப்பாட்ட எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சாங்க. கடைசில தண்ணி சப்ளை நின்னு போச்சு, வண்டி ஸ்டார்ட் ஆகலங்கற மாதிரி, ஒரு குரூப் மட்டும் தனியா முடிக்க முடியாத வேலைகள வரிசையா குடுத்தப்பறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்தாங்க. அந்த ஆராய்ச்சி மேல பின்னாடி நிறைய விமர்சனம் வந்திருக்கு, நடத்தினவங்களே சண்டைய தூண்டி விட்டாங்கன்னு கூட சொல்றாங்க, அது நியாயமான விமர்சனம்தான். ஆனா சும்மா பக்கத்துல உக்கார வெச்சா ஒட்டாதுங்கற பாயிண்ட்ட நான் என் கண்ணாலயே பாத்தேன்.

அதனால நான் ஒற்றுமைங்கற வார்த்தையவே எடுக்கல. முதல்ல பண்ணது ஒரு பொது காலண்டர். செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு செகரட்டரியும் என் ரூம்ல உக்காந்து அவங்கவங்க தேதிய ஒரே ஷீட்ல போடணும், அதுல இல்லாத நிகழ்ச்சிக்கு ஹால் லெட்டர்ல நான் கையெழுத்து போட மாட்டேன். ரொம்ப அதிகாரமா தெரியும், தெரியட்டும். அந்த ஒரு மீட்டிங்ல பாதி சண்டை தானாவே முடிஞ்சுடுச்சு, ஏன்னா மூணு பைத்தான் வொர்க்‌ஷாப் ஒரே ஷீட்ல வரிசையா தெரிஞ்சப்போ அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. கோடிங் கிளப் பையன் "நாங்க பேசிக்ஸ் எடுக்கறோம், நீங்க அதுக்கு அடுத்த லெவல் எடுத்துக்கங்க"ன்னான். நான் அதுல ஒரு வார்த்தை கூட சொல்லல.

ஆனா தேதி மோதாம இருக்கறது வேற, சேர்ந்து வேலை செய்யறது வேற. அதுக்கு ஒரு கிளப்பால தனியா முடியாத வேலை ஒண்ணு வேணும், அது செயற்கையாவும் இருக்கக் கூடாது, பசங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. எங்களுக்கு அது ஃபர்ஸ்ட் இயர் ப்ரோக்ராமிங் லேப்ல கிடைச்சுது. அந்தப் பேப்பர்ல நிறைய பேர் திணறிட்டு இருந்தாங்க, பாடம் எடுக்கற ஸ்டாஃபே சீனியர் பசங்க உதவி வேணும்னு கேட்டுட்டு இருந்தாங்க. சாயந்திரம் எல்லா லேப்லயும் ஒரே நேரத்துல சீனியர்ஸ் உக்காந்து டவுட் கிளியர் பண்ணணும்னா எந்த ஒரு கிளப்கிட்டயும் அவ்ளோ ஆள் இல்ல. அதே சமயம் ஃபர்ஸ்ட் இயர் பசங்கள நேரா பாக்கற வாய்ப்ப விட்டுக்குடுக்க எந்த கிளப்பும் தயாரா இல்ல. சுயநலம்தான், அதுல தப்பே இல்லைன்னு நான் நினைக்கறேன், சுயநலமே இல்லாம சேருங்கன்னு சொன்னா எவனும் ரெண்டாவது வாரம் வர மாட்டான். ஒரே ஒரு கண்டிஷன் வெச்சேன், ஒரு லேப்ல ஒரு கிளப் மட்டும் உக்காரக் கூடாது, ஒவ்வொரு டேபிள்லயும் ரெண்டு கிளப் ஆள் கலந்து இருக்கணும். ரோபாட்டிக்ஸ் பையனும் பொண்ணுங்க டெக் குரூப்ல இருந்து ஒருத்தியும் சேர்ந்து ஒரு ஜூனியரோட ப்ரோக்ராம் செக்மென்டேஷன் ஃபால்ட்னு பாதில நின்னு போக என்ன காரணம்னு தேடிட்டு இருக்கும்போது லோகோ யாருக்கு ஞாபகம் வரும்.

காசு விஷயம் அப்படி ஈஸியா போகல. சேர்ந்து ஒரு ஹேக்கத்தான், அதாவது டீம் டீமா உக்காந்து குறிச்ச நேரத்துக்குள்ள ப்ரோக்ராம் எழுதற போட்டி, பண்ணலாம்னு வந்தப்போ எல்லாரும் ஸ்பான்சர் பணத்த எப்படி பிரிக்கறதுன்னுதான் பேச ஆரம்பிச்சாங்க. நான் அத நிறுத்திட்டு, நஷ்டம் வந்தா யாரு எவ்வளவு போடறீங்கன்னு முதல்ல எழுதுங்கன்னேன். ரூம் அமைதியாயிடுச்சு. லாபத்துல கால் பங்கு கேட்ட ரெண்டு கிளப் நஷ்டத்துல கால் பங்குன்னதும் சின்ன பங்கு போதும்னு இறங்கி வந்தாங்க, அந்த நிமிஷத்துல லாபப் பங்கும் தானா முடிவாயிடுச்சு. இப்போ எந்த கூட்டு நிகழ்ச்சின்னாலும் நஷ்டக் கணக்குதான் முதல் பக்கம். லோகோவுக்கும் ஒரு வழி பண்ணோம், ஒவ்வொரு போஸ்டருக்கும் வரிசை ஒரு இடம் நகரும். சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா பெரியவங்க நடத்தற மாநாட்டுல மேடை நாற்காலி வரிசைக்கு நடக்கற கூத்த பாத்தவங்க இத பாத்து சிரிக்க மாட்டாங்க.

எனக்கு லேட்டா புரிஞ்ச இன்னொரு விஷயம் இருக்கு. பசங்க பிரிஞ்சு நிக்கறதுக்கு பாதி காரணம் நாங்க வெச்ச விதிதான். வருஷக் கடைசில பெஸ்ட் கிளப் அவார்டுக்கு நிகழ்ச்சி எண்ணிக்கைய எண்ணுவோம், கூட்டு நிகழ்ச்சின்னா முதல் பேர்ல இருக்கற கிளப்புக்கு மட்டும்தான் கணக்கு. அப்புறம் யாரு சேருவா? சேப்டர் பசங்களுக்கு இன்னும் கஷ்டம், அவங்க வெளில இருக்கற தலைமை அமைப்புக்கு வருஷா வருஷம் ரிப்போர்ட் அனுப்பணும், அதுல அவங்க பேர்ல நடந்தது என்னன்னு காட்டணும். அதனால கூட்டு நிகழ்ச்சி சேர்ந்து நடத்தின எல்லா கிளப்புக்கும் முழு நிகழ்ச்சியா கணக்காகும்னு மாத்தச் சொன்னேன். கமிட்டில ஒருத்தர் "இது டபுள் கவுண்டிங் இல்லையா"ன்னு கேட்டார். ஆமா சார், அதுக்குத்தான்னு சொன்னேன்.

இதெல்லாம் ஓரளவு ஓட ஆரம்பிச்சதும் ஹெச்ஓடி ஒரு நாள் கூப்பிட்டு, இவ்ளோ நல்லா சேர்ந்து வேலை பாக்கறாங்கல்ல, பேசாம அஞ்சையும் ஒண்ணாக்கிடலாமே, ஒரே அக்கவுண்ட் ஒரே தலைவர்னார். நிர்வாகத்துக்கு அது வசதிதான். எனக்கு உடன்பாடில்ல. இணைப்புன்னா எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியருங்களோட உலக அமைப்பான ஐ ட்ரிபிள் ஈ (IEEE) கதைதான் எனக்கு ஞாபகம் வரும். 1884-ல ஆரம்பிச்ச ஏஐஈஈங்கற (AIEE) அமைப்பும் 1912-ல ஆரம்பிச்ச ஐஆர்ஈங்கற (IRE) அமைப்பும் சேர்ந்து 1963-ல உருவானதுதான் அது, ஒண்ணு பவர், டெலிகிராஃப் பக்கத்துல இருந்து வந்தது, இன்னொண்ணு ரேடியோ ஆளுங்களோடது. ஆனா ஒண்ணா சேர்ந்த அமைப்புக்குள்ளயும் இன்னைக்கு 30-க்கும் மேல தனித்தனி டெக்னிக்கல் சொசைட்டி இருக்கு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, ரோபாட்டிக்ஸுக்கு ஒண்ணு, பவருக்கு ஒண்ணுன்னு. ஆர்வம் வேற வேறயா இருந்தா அதுக்கு ஒரு தனி வீடு வேணும். இங்கயும் ஒண்ணாக்கினா யாரு காணாம போவாங்கன்னு எனக்குத் தெரியும், ஆள் கம்மியா இருக்கற பொண்ணுங்க குரூப்தான். எலெக்‌ஷன்னு வந்தா பெரிய கிளப் ஆள்தான் எல்லா போஸ்ட்லயும் உக்காருவாங்க. இத சொன்னேன், ஹெச்ஓடி கொஞ்சம் யோசிச்சுட்டு சரி விடுங்கன்னுட்டார். அஞ்சும் தனியாவே இருக்கு, மேல ஒரு கவுன்சில் மட்டும், கிளப் பெருசோ சின்னதோ ஒரு ஓட்டு.

இதுல பெரிய தலைவலி என்னன்னா ஆளுங்க மாறிட்டே இருப்பாங்க. ஒரு பேட்ச் நல்ல நண்பர்களா இருந்து எல்லாத்தையும் வாய் வார்த்தையா முடிச்சுடும், அவங்க பட்டம் வாங்கிட்டு போனதும் அடுத்த பேட்ச் பழைய சண்டைல இருந்து ஆரம்பிக்கும். ஆஃபீஸ்ல ஒருத்தர் பத்து வருஷம் உக்காந்திருப்பாங்க, இங்க ஒரு செகரட்டரிக்கு ஒரு வருஷம்தான், அதுலயும் கடைசி செமஸ்டர் பிளேஸ்மென்ட்லயும் ப்ராஜெக்ட்லயும் போயிடும். அதனால நட்ப நம்பி எதையும் விடறதில்ல, எல்லாம் எழுத்துல. செகண்ட் இயர் பசங்கள ஒவ்வொரு கிளப்ல இருந்தும் ரெண்டு பேர் காலண்டர் மீட்டிங்ல சும்மா உக்காந்து பாக்க வைக்கறோம், பேச வேண்டாம், பாத்தா போதும். அடுத்த வருஷம் அவங்கதான் அந்த நாற்காலில.

இந்த வருஷம் ஆறாவதா ஒரு கிளப் வந்திருக்கு, ஏஐ கிளப். கோடிங் கிளப்புக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு கவுன்சில்ல ஒரு மணி நேரம் விவாதம், முடிவு ஆகல. அந்தப் பசங்க லேப் டேபிள்ல உக்காரத் தயார்னு சொல்றாங்க, நஷ்டப் பங்கு பக்கத்தத்தான் இன்னும் நிரப்பல. அத நிரப்பாம ஓட்டெடுப்பு கிடையாதுன்னு கவுன்சில் பசங்களே சொல்லிட்டாங்க.