பிஎச்பி பிராக்டிகலுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு

காரிமங்கலத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி தர்மபுரிக்குப் போய் பிசிஏ படித்தவள் நான். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆளும் நான்தான். இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி மொழி, தகவலை டேபிள்களில் சேர்த்து வைக்கும் மைஎஸ்கியூஎல், இந்த இரண்டுக்குமான கடைசி வருட பிராக்டிகலில் நடந்ததையும், அதன் பிறகு என் மாமாவின் மாங்காய் மண்டிக்குக் கணக்கு புரோகிராம் எழுதியபோது பட்டதையும் எழுதுகிறேன். புரோகிராம் எழுத எல்லா லேபிலும் சொல்லித் தருகிறார்கள். எழுதியது ஓடாமல் நின்றால் எங்கே பார்ப்பது என்பதை எனக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை.

மூன்று மணி நேரத் தேர்வு. கேள்வி எளிது. மாணவர் விவரத்தை ஃபார்மில் வாங்கி டேபிளில் சேர்த்து, திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். வீட்டில் பலமுறை எழுதிப் பார்த்த புரோகிராம்தான். ரன் செய்தேன். வெள்ளைத் திரை. ஒரு எழுத்துகூட வரவில்லை. கனெக்‌ஷன் வரியை மாற்றினேன், டேபிள் பெயரை மாற்றினேன், மேற்கோள் குறிகளை மாற்றினேன். நாற்பது நிமிடம் போய்விட்டது. மொத்தம் ஆறு இடங்களை மாற்றியிருந்தேன். அதில் ஐந்து இடம் முன்பு சரியாக இருந்தவை. இப்போது ஒரு பிழைக்கு ஆறு பிழை.

சுற்றி வந்த எக்ஸ்டர்னல் (வெளியில் இருந்து வந்த தேர்வாளர்) ஒரே கேள்விதான் கேட்டார்: "எரர் லாக் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. பிழைகளைக் குறித்துவைக்கும் அப்படி ஒரு ஃபைல் இருப்பதே அன்றுதான் தெரியும். நம் கம்ப்யூட்டரிலேயே பிஎச்பியை ஓட்ட உதவும் ஸாம்ப் தொகுப்பின் கன்ட்ரோல் பேனலில், அப்பாச்சி என்ற சர்வரின் வரிசையில் 'லாக்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் திறந்தால் கடைசி வரியில் எல்லாம் எழுதியிருக்கிறது: இலக்கணப் பிழை, வரி 24. நான் 24-ஆம் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், குற்றமே இல்லை. குற்றம் 23-ஆம் வரியின் கடைசியில், போடாமல் விட்ட அரைப்புள்ளியில் இருந்தது. பிஎச்பி அடுத்த வரியின் முதல் சொல்லைப் பார்த்த பிறகுதான் "இது இங்கே வரக் கூடாதே" என்று நிற்கும். நின்ற வரியின் எண்ணைத்தான் சொல்லும். அதனால் எந்த எண் வந்தாலும் அந்த வரியையும் அதற்கு மேல் இருக்கிற வரியையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

ஃபைலின் தலையில் 'பிழைகளைத் திரையில் காட்டு' என்று இரண்டு வரி எழுதியிருந்தேனே, அது ஏன் வேலை செய்யவில்லை என்று பிறகு யோசித்தேன். பிஎச்பி ஒரு ஃபைலை முழுக்கப் படித்து முடித்த பிறகே ஓட்டத் தொடங்கும். படிக்கும்போதே இடறிவிட்டால் உங்கள் முதல் வரிகூட ஓடாது. இதற்கு ஒரு வழி உண்டு. சோதனை என்ற பெயரில் இன்னொரு சின்ன ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்த இரண்டு வரியையும் எழுதி, மூன்றாவது வரியில் உங்கள் புரோகிராமை இன்க்ளூட் செய்யுங்கள். சின்ன ஃபைலில் பிழை இல்லாததால் அது ஓடிவிடும். பெரிய ஃபைலைத் திறக்கும்போது வருகிற இலக்கணப் பிழை திரையிலேயே தெரியும். லேபில் செட்டிங்கைத் தொட அனுமதி இல்லாத இடத்தில் இது கைகொடுக்கும்.

இந்த மொழி சில தவறுகளைச் சத்தமாகச் சொல்லாமல் விடுவதற்கு அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக, தன் ரெஸ்யூமை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதிய சின்னக் கருவிகள் அவை. 1995-இல் வெளியிட்டபோது அதன் பெயரே 'பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்'. மொழி ஒன்றைப் படைக்க வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. சொந்தத் தேவைக்குச் செய்தது வளர்ந்து மொழியானது. ஏதாவது தவறினாலும் முடிந்தவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற குணம் அதில் நெடுநாள் தங்கிவிட்டது. பிஎச்பி 7 வரைக்கும் சுழியத்தையும் 'மாங்காய்' என்ற சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்று என்று சொல்லும். 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள். உங்கள் லேபில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் 8, லேபில் 7 என்றால் ஒரே புரோகிராம் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும்.

டேபிளில் இருந்து எடுக்கும் வரிகளில் இந்தக் குணம் இன்னும் படுத்தும். பழைய பதிப்புகளில் க்வெரி (டேபிளிடம் நாம் கேட்கும் கேள்வி) தவறினால், பிஎச்பியையும் மைஎஸ்கியூஎல்லையும் இணைக்கும் மைஎஸ்கியூஎல்ஐ சத்தமில்லாமல் 'ஃபால்ஸ்' என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதை வாங்கி வரிசைகளை எடுக்கப் போகும் அடுத்த வரிதான் "எனக்கு ரிசல்ட் வேண்டும், பூலியன் வந்திருக்கிறது" என்று கத்தும் (அந்த 'ஃபால்ஸ்'தான் பூலியன்). நீங்கள் அந்த வரியைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். தவறு இருப்பது மேலே, க்வெரியில். 8.1-இல் இருந்து க்வெரி தவறினால் அங்கேயே நிறுத்திச் சொல்கிறது. பழைய பதிப்பென்றால் கனெக்‌ஷனுக்கு முன்னால் மைஎஸ்கியூஎல்ஐ ரிப்போர்ட் வரியை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றில் இருந்து எது தவறினாலும் முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறேன்: தவறு பிஎச்பி ஸ்கிரிப்டிலா, க்வெரியிலா? இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். க்வெரி இருக்கிற மாறியை அப்படியே எக்கோ செய்யுங்கள். திரையில் வந்ததைக் காப்பி செய்து, டேபிள்களை நேராகப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் எஸ்கியூஎல் பகுதியில் ஒட்டி ஓட்டுங்கள். அங்கே சரியான விடை வந்தால் க்வெரியை மறந்துவிட்டு ஸ்கிரிப்டைப் பாருங்கள். அங்கேயும் தவறினால் ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம். பாதி நேரம், எக்கோ செய்ததுமே தவறு கண்ணில் பட்டுவிடும். ஃபார்மில் ஃபீல்டின் பெயர் ஒன்று, ஸ்கிரிப்டில் வாங்கிய பெயர் வேறு என்றால், மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறி இரண்டு நிற்கும். ஃபார்மில் வந்ததை இப்படி க்வெரிக்குள் நேராக ஒட்டாமல், க்வெரியையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் கொடுக்கப் பழகுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் வழி, மேற்கோள் குறித் தொல்லையும் போய்விடும். அப்போது எக்கோவில் கேள்விக்குறிதான் தெரியும் என்பதால், அனுப்பும் மதிப்புகளைத் தனியே வார் டம்ப் செய்து பாருங்கள்.

தமிழில் தகவல் சேர்க்கிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை.

சேர்த்த பெயர்கள் எல்லாம் ???? என்று வருகிறதா, அல்லது தொப்பியும் கோடும் போட்ட ரோமன் எழுத்துக் குவியலாக வருகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நோய் இல்லை. ரோமன் குவியலாக வந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. கேள்விக்குறி வந்தால் பிஎச்பிமைஅட்மினில் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் உங்கள் கனெக்‌ஷனில் எழுத்து முறையைச் சொல்லும் செட் சார்செட் வரியை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் சேர்க்கும்போதே தமிழ் போய்விட்டது. டேபிளை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றி, தகவலை மறுபடி உள்ளிடுவதைத் தவிர வழியில்லை. மைஎஸ்கியூஎல் 8-க்கு முந்தைய பதிப்புகளில் நீங்களாகச் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 தான். அதில் தமிழுக்கு இடமே கிடையாது.

அடுத்தது நம் ஊர்ப் பெயரே. மாமாவின் மண்டி காவேரிப்பட்டணத்தில். விவசாயிகள் பட்டியலை ஒரு சீசன் முழுக்க மூன்று பேர் உள்ளிட்டோம். தர்மபுரிக்காரர்களை மட்டும் எடு என்றேன். பாதிப் பேர் வரவில்லை. ஒருத்தர் 'தர்மபுரி' என்று அடித்திருக்கிறார், இன்னொருத்தர் அரசு பலகையில் இருப்பதுபோல 'தருமபுரி' என்று அடித்திருக்கிறார். இரண்டின் நீளத்தையும் எடுத்துப் பார்த்தேன். பைட்டுகளை எண்ணும் ஸ்ட்ரிங் லென்த் இரண்டுக்கும் 24 என்றது, குறியீடுகளை எண்ணும் எம்பி ஸ்ட்ரிங் லென்த் இரண்டுக்கும் 8 என்றது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். த, ர, புள்ளி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி என்று எட்டு. மற்றதில் புள்ளி இருக்கிற இடத்தில் இன்னொரு உகரக் குறி. நாம் ஐந்து எழுத்து என்று எண்ணுவதை அது எட்டாக எண்ணுகிறது. நீளம் ஒன்றாக இருந்தும் சொல் வேறு. ஊர்ப் பெயரை டைப் செய்ய விடாமல் கீழிறங்கும் பட்டியலில் தேர்ந்தெடுக்க வைத்த பிறகுதான் அது தீர்ந்தது.

போச்சம்பள்ளி என்ற ஊர்ப் பெயர் இன்னும் மோசம். கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஒப்பிட்டால் இல்லை என்கிறது. ஒன்றில் 36 பைட், இன்னொன்றில் 39. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பட்டியலில் எனக்கு இரண்டாவது வடிவம் வந்திருந்தது. சேர்க்கும் முன் பிஎச்பியின் நார்மலைசர் வழியாக அனுப்பினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இன்டல் எக்ஸ்டென்ஷன் (பல மொழி எழுத்துகளைக் கையாளும் கூடுதல் பகுதி) இயங்கினால்தான் அது கிடைக்கும்.

மாவட்டம் என்ற ஃபீல்டிலும் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் எழுதிய முகவரிகளில் காவேரிப்பட்டணமும் ஓசூரும் தர்மபுரி மாவட்டமாகவே இருக்கும். அங்கே க்வெரியில் தவறில்லை, தகவலுக்கு வயதாகிவிட்டது.

இனி, எனக்கு நிஜமாகவே தூக்கம் போன இடத்துக்கு வருகிறேன். பிழைச் செய்தி எதுவும் வராத பிழை அது. ஒருநாள் மாமா கூப்பிட்டார். "ஏம்மா, இவரு மூணு லோடுதான் கொண்டாந்தாரு. ரெண்டாயிரத்து அறுநூறு கிலோன்னு காட்டுது. முன்பணம் எட்டாயிரந்தான் குடுத்தேன், இருபத்திநாலாயிரம்னு நிக்குது." சிட்டையை எடுத்து முன்னால் வைத்தார். பெங்களூரா மாங்காய், 420, 380, 500 கிலோ. கூட்டினால் 1300. முன்பணம் 5000, 3000.

விவசாயி டேபிளுடன் லோடு டேபிளையும் முன்பண டேபிளையும் ஒரே க்வெரியில் ஜாயின் செய்து (இணைத்து), எடை, முன்பணம் இரண்டையும் கூட்டியிருந்தேன். கூட்டலையும் ஆள்வாரியாகத் தொகுக்கும் குரூப் பை-யையும் எடுத்துவிட்டு அந்த ஒருவருக்கு மட்டும் வரிசைகளை அப்படியே பார்த்தேன்:

420 – 5000
420 – 3000
380 – 5000
380 – 3000
500 – 5000
500 – 3000

மூன்று லோடும் இரண்டு முன்பணமும் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறு வரிசை. ஒவ்வொரு லோடும் இரண்டு தடவை, ஒவ்வொரு முன்பணமும் மூன்று தடவை. அதனால்தான் 2600, அதனால்தான் 24000. ஒரே ஒரு தடவை முன்பணம் வாங்கியவர்களுக்கு எடை சரியாகவே காட்டியதால் அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இதற்கு, ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். ஒருவர் இரண்டு நாள் 420 கிலோவே கொண்டுவந்தால் ஒரு லோடு காணாமல் போய்விடும். சரியான வழி, லோடுகளை விவசாயிவாரியாக ஒரு துணை க்வெரியில் கூட்டி, முன்பணத்தை இன்னொன்றில் கூட்டி, ஆளுக்கு ஒரே வரிசை ஆன பிறகு இரண்டையும் ஜாயின் செய்வது. முன்பணமே வாங்காதவர்கள் விடுபடாமல் இருக்க லெஃப்ட் ஜாயின். அவர்களுக்கு முன்பணம் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) என்று வரும். தொகையில் நல்லைக் கழித்தால் பாக்கியும் நல், அந்த இடம் வெறுமையாக நிற்கும். கோயலெஸ் போட்டு அதைச் சுழியமாக்க வேண்டும். இந்த நான்கு படியையும் ஒரு தாளில், நான்கைந்து வரிசைத் தகவலோடு கையால் போட்டுப் பாருங்கள். ஜாயின் பற்றி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எப்படிக் கேட்டாலும் பதில் வரும்.

விவசாயிக்குத் தர வேண்டிய காசு அந்தத் திரையில் இருந்தது. ஒரு சீசன் உழைப்பை நான் தவறாகக் கழித்திருப்பேன். சிட்டையும் வைத்திருந்த மாமாவால் அது நடக்கவில்லை. உங்கள் புரோகிராம் எதைக் கூட்டினாலும், ஒரே ஒருவருக்காவது காகிதத்தில் கூட்டி ஒத்துப்பாருங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதிய புரோகிராம் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். ஓடுகிற புரோகிராமை எடுத்து வேண்டுமென்றே கெடுங்கள். அரைப்புள்ளியை எடுங்கள், டேபிள் பெயரில் ஒரு எழுத்தை மாற்றுங்கள், பாஸ்வேர்டைத் தவறாகக் கொடுங்கள், மைஎஸ்கியூஎல்லை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், நல் இருக்கும் ஃபீல்டைச் சமக்குறியால் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வருகிற செய்தியை அப்படியே ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு எந்தச் செய்தியும் வராது, வெறும் சுழியம் வரிசைதான் வரும். அதையும் எழுதுங்கள். தேர்வு அறையில் அந்தச் செய்தி வரும்போது முன்பே பார்த்த முகம்போல இருக்கும்.

தேர்வில் ஒரு நேரத்தில் ஒரே இடத்தை மாற்றுங்கள். மாற்றியும் சரியாகாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஏதோ ஒரு பாதி ஓடத் தொடங்கியதும் அந்த ஃபைலை வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள். கடைசி இருபது நிமிடத்தில் எதையும் திருத்த வேண்டாம். வைவாவுக்குக் கூப்பிடும்போது அந்த ஓடுகிற நகல் திரையில் திறந்திருக்கட்டும்.