பெராஸ்தாகியில் பிள்ளை பெற்ற உடம்பு

சுமத்ரா என்றதும் பருத்திச் சேலைகளைத்தான் பெட்டியில் அடுக்கினேன். கணவருக்குக் காய்கறி ஏற்றுமதி வேலை கிடைத்ததோ கரோ மலைநாட்டில். நாங்கள் குடியேறிய பெராஸ்தாகி ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்தக் குளிர் ஆகவே இல்லை.

வீட்டுக்கார மூதாட்டியை எல்லோரையும்போல நானும் 'நீனி' (பாட்டி) என்றே அழைக்கிறேன். குழந்தையைப் பார்க்க வந்தவர், காய்ந்த மஞ்சள்நிற உருண்டைகளை வெந்நீரில் கரைத்து, என்னைக் கேட்காமலே என் காலில் தேய்க்கத் தொடங்கினார். அரிசிமாவோடு இஞ்சி, மஞ்சள், கச்சோலம், மிளகு எல்லாம் அரைத்துப் பிடித்த 'குனிங்' அது. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக் காய லேகியமாக வயிற்றுக்குள் போகும் சரக்கில் பாதி, இங்கே தோல்மேல் ஏறுகிறது. முதலில் எரிந்தது, பிறகு போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்தது 'ஔகுப்'. எலுமிச்சைப்புல்லும் நாரத்தை, எலுமிச்சை இன இலைகளும் கிழங்குகளும் கொதிக்கும் பானையருகே உட்காரவைத்து மூடிவிடுவார்கள். நொச்சி போட்டு வேது பிடித்த எனக்கு அது புதிதல்ல. இப்போது மேடான் நகரத்தில் காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்யும் நிலையங்கள் உண்டு. அப்படி ஒரு நிலையத்துக்குப் போனேன். வியர்த்தது, ஆனால் "இன்னும் வெளியே வராதே" என்று அதட்ட ஆளில்லாத வேது என்ன வேது!

நீனியின் சொந்த ஊர் சினாபுங் அடிவாரம். நூற்றாண்டுகளாகச் சும்மா கிடந்த அந்த எரிமலை 2010இல் வெடித்தது. 2013இல் தொடங்கிய அடுத்த சீற்றத்தில் பல ஊர்கள் காலியாயின. கொல்லையில் பறித்த வேரையும் இலையையும் இப்போது கபஞ்சாஹே சந்தையில் பேரம் பேசி வாங்குகிறார். வாடிய கச்சோலத்தை விற்பவளுக்குக் கிடைக்கும் வசவு தனி.

சந்தையில் யாரைப் பார்த்தாலும் முதலில் குலம் கேட்பார்கள். இங்குள்ள கரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்று கிளைகள் உண்டு. தென்னிந்தியத் தொடர்பைச் சொல்லும் பெயர்கள் என்பதால், நீனி என்னையும் செம்பிரிங் பெண் என்றே அறிமுகப்படுத்துகிறார்.

எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுவதில்லை. கரோ எண்ணெய் தடவி எலும்பு முறிவைச் சரிசெய்யும் வைத்தியர்களுக்கு இங்கே பெரும் பெயர். கணவர் படியில் வழுக்கி மணிக்கட்டு வீங்கியபோது, நீனி எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். முதலில் எக்ஸ்ரே என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். முறிவு இல்லை, சுளுக்குதான் என்று தெரிந்ததும் எண்ணெய் தேய்க்கும் வேலையை நீனியிடமே விட்டுவிட்டேன். இரண்டு நாள் வீடு முழுக்க இஞ்சி வாடை.